இழுவைக் கப்பலின் கம்பியும் ஆல்பட்ராஸின் சிறகும்

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், பெங்குவேலா என்னும் குளிர்நீரோட்டம் பாயும் கடலில், ஹேக் மீனைப் பிடிக்கும் இழுவைக் கப்பல் ஒன்று மெதுவாக நகரும்போது அதன் பின்னால் நூற்றுக்கணக்கில், சில நாள்களில் ஆயிரத்துக்கும் மேலாகக் கடற்பறவைகள் கூடியிருக்கும். கப்பலுக்குள் மீனின் தலையை வெட்டிக் குடலை அகற்றும் வேலை நடக்கிறது. அந்தக் கழிவு கப்பலின் பக்கவாட்டுத் திறப்பு வழியாகக் கடலில் விழுகிறது. பறவைகள் அதற்காகவே வந்திருக்கின்றன. தளத்தில் நின்று பார்ப்பவருக்கு அது பறவைகளின் விருந்தாகத்தான் தோன்றும். அந்த விருந்தின் நடுவே, கப்பலின் பின்புறத்திலிருந்து நீருக்குள் சரிவாக இறங்கும் இரண்டு எஃகுக் கம்பிகளில் சிக்கி ஆல்பட்ராஸ் போன்ற பெரும்பறவைகள் மூழ்கிச் சாகின்றன என்பது நெடுங்காலம் எவருடைய கணக்கிலும் ஏறவில்லை.

அந்தச் சாவு எப்படி நேர்கிறது, ஏன் கண்ணுக்குத் தப்பியது, சில எளிய கயிறுகளால் அதை எவ்வளவு தூரம் தடுக்க முடிந்தது என்பவற்றை மீன்பிடித் தொழிலோடு பழக்கமில்லாதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன். உலகின் பல கடல்களில் நடப்பதுதான் இது. எனினும் தென்னாப்பிரிக்க ஹேக் மீன்பிடியை மையமாக வைத்துக்கொண்டால் சிக்கலையும் தீர்வையும் ஒரே இடத்தில் முழுமையாகப் பார்க்க முடியும்.

இழுவை மடியின் அமைப்பு

தமிழகக் கரையில் விசைப்படகுகள் இழுக்கும் மடியை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை அமைப்பு புதிதாக இராது. அளவுதான் பல மடங்கு பெரியது. அகன்ற வாயும், போகப் போகக் குறுகும் உடலும் கொண்ட புனல் வடிவ வலை ஒன்று கடலடியை ஒட்டியோ நடுநீரிலோ கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படுகிறது. அதன் கடைசியில் உள்ள பையில் மீன்கள் சேர்கின்றன. வலையின் வாய் மூடிக்கொள்ளாமல் இருப்பதற்காக இருபுறமும் பலகைகள் பூட்டப்பட்டிருக்கும். இழுக்கும்போது நீரின் அழுத்தம் அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளுவதால் வாய் விரிந்தே நிற்கிறது. பலகை என்பது பெயரளவில்தான். பெரிய கப்பல்களில் அவை டன் கணக்கில் எடையுள்ள எஃகுத் தகடுகள். இந்தப் பலகைகளைக் கப்பலின் வின்ச்சோடு, அதாவது கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளையோடு, இணைப்பவை இரண்டு தடித்த எஃகுக் கம்பிகள். வசதிக்காக அவற்றை இழுகம்பி என்று அழைப்போம்.

ஹேக் மீனுக்கான ஆழ்கடல் மடி பல நூறு மீட்டர் ஆழத்தில் ஓடுகிறது. அந்த ஆழத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு நீளத்துக்கு இழுகம்பி வெளியே விடப்படுகிறது. இவ்வளவு நீளமான கம்பியில் ஏறத்தாழ முழுவதும் நீருக்கடியில்தான் இருக்கிறது. கப்பலின் பின்புறத்தில் உள்ள கப்பியிலிருந்து அது நீரைத் தொடும் இடம் வரையிலான சிறு பகுதி மட்டுமே காற்றில் தெரிகிறது. பறவைகளைக் கொல்வது அந்தச் சிறு பகுதியும், அது நீரைத் தொடும் அந்த ஓர் இடமும்தான். முழுக் கடலையும் காக்க வேண்டியதில்லை, கப்பலுக்குப் பின்னால் உள்ள சில மீட்டர் நீர்ப்பரப்பைக் காத்தால் போதும் என்பதால், இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தீர்வுகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

நீண்ட தூண்டில்கயிற்று மீன்பிடி என்னும் வேறொரு முறையிலும் கடற்பறவைகள் பெருமளவில் சாகின்றன. செய்திகளில் அதிகம் பேசப்படுவது அதுவே. அங்கே பறவை இரை கோத்த தூண்டிலை விழுங்கி, கயிற்றோடு கீழே இழுக்கப்படுகிறது. கயிற்றை இரவில் இறக்கினாலோ, தூண்டில்களுக்கு எடை கட்டி விரைவில் மூழ்கச் செய்தாலோ அதைப் பெரிதும் தவிர்க்கலாம். இழுவை மடியில் தூண்டிலும் இல்லை, இரையும் இல்லை. ஒரு முறை மடி இறங்கினால் சில மணி நேரம் தொடர்ந்து இழுபடுகிறது. ஆகவே தூண்டில்கயிற்றுக்குக் கண்ட மருந்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

கம்பியில் பறவை சிக்குவது எப்படி

கப்பல் மணிக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் செல்கிறது. அதிலிருந்து விழும் மீன் கழிவு நீரில் நின்ற இடத்திலேயே மிதப்பதால், கப்பலிலிருந்து பார்க்கும்போது அது பின்னோக்கி நகர்வதாகத் தெரியும். பறவைகள் அந்தக் கழிவோடு சேர்ந்து நீரில் அமர்ந்து, ஒன்றோடொன்று போட்டியிட்டுத் தின்றபடி பின்னோக்கி வருகின்றன. அவற்றுக்கு மேலே சரிந்திறங்கும் இழுகம்பிக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையில், திறந்த கத்தரிக்கோலின் இரு அலகுகளுக்கு நடுவே இருப்பதைப் போன்ற ஓர் இடுக்கு இருக்கிறது. பறவை தன்னை அறியாமல் அந்த இடுக்குக்குள் வந்து சேர்கிறது.

சிறிய பறவையானால் கடைசி நொடியில் துள்ளி விலகிவிடும். ஆல்பட்ராஸால் அது முடிவதில்லை. காற்றில் நெடுநேரம் சிறகசைக்காமல் மிதப்பதற்கென்றே அமைந்த அதன் நீண்ட, ஒடுங்கிய சிறகுகள் நீரிலிருந்து சட்டென எழும்புவதற்கு உதவாதவை. இந்தக் கடலில் அதிகம் காணப்படும் கருப்புருவ ஆல்பட்ராஸின் சிறகுவிரிவே 2 மீட்டருக்கு மேல். உணவுக்காகப் போட்டியிடும்போது அது சிறகைப் பாதி விரித்து உயர்த்தி வைத்திருக்கும். அந்தச் சிறகின் மீது கம்பி விழுகிறது. கப்பலின் இழுப்பும் எதிரே பாயும் நீரின் விசையும் சேர்ந்து சிறகைக் கம்பியைச் சுற்றி மடக்குகின்றன. பறவை கம்பியோடு வழுக்கி ஆழத்துக்குப் போகிறது. கடல் கொந்தளிக்கும் நாளில் கப்பலின் பின்புறம் மேலும் கீழும் ஆடுவதால் கம்பியும் ஆடி நீரை வெட்டுகிறது. அப்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. தென்னாப்பிரிக்கக் கடலில் இத்தகைய கொந்தளிப்பு மிகும் குளிர்காலத்தில்தான், தொலைதூரத் தீவுகளில் கூடுகட்டும் ஆல்பட்ராஸ்களும் பெருமளவில் அங்கே வந்து சேர்கின்றன.

சில கப்பல்களில், வலையின் வாயில் பொருத்திய உணர்கருவியிலிருந்து தகவலைக் கொண்டுவர மூன்றாவதாக ஒரு கம்பியும் இருக்கும். அது இழுகம்பிகளைவிட மெல்லியது. உயரத்திலிருந்து தட்டையான சரிவில் இறங்கி, கப்பலுக்கு வெகுபின்னால் நீரைத் தொடுவதால், பறவைகள் பறக்கும் வெளியில் அது அதிக நீளத்துக்கு நிற்கிறது. பறக்கும் பறவையின் கண்ணுக்கு அது எளிதில் படுவதில்லை.

வலையிலேயே சிக்கிச் சாகும் பறவைகளும் உண்டு. மடியை இறக்கும்போதும் ஏற்றும்போதும் அது சிறிது நேரம் நீர்ப்பரப்பில் மிதக்கிறது. கண்ணிகளில் மாட்டியிருக்கும் மீனுக்காகப் பாயும் கேனட், ஷியர்வாட்டர், வெண்தாடை பெட்ரல் போன்ற மூழ்கும் பறவைகள் அப்போது வலைக்குள் அகப்படுகின்றன.

எவரும் எண்ணாத இறப்பு

வலையில் சிக்கிய பறவையின் உடல் கப்பலின் தளத்துக்கு வந்துவிடும். கப்பலோடு சென்று பிடிபடுவதைப் பதிவுசெய்யும் பார்வையாளர் அதை எண்ணிவிடுவார். கம்பியில் சிக்கியது பெரும்பாலும் வருவதில்லை. கம்பியை வின்ச்சில் சுற்றும்போது உடல் வழுக்கிக் கடலிலேயே நழுவிவிடுகிறது. கம்பியின் பிசிறிலோ இணைப்பிலோ சிறகு மாட்டிக்கொண்ட ஒருசில மட்டுமே மேலே வருகின்றன. எனவே தளத்துக்கு வந்த உடல்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த வரை, இழுவைக் கப்பல்கள் பறவைகளுக்குப் பெரிய கேடு செய்யாதவை என்றே கருதப்பட்டன. இந்தத் துறையில் நடந்த பிழைகளிலேயே மிகப் பெரியது இதுதான் என்பது என் எண்ணம். எவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. எண்ணுவதற்கு உடல் இல்லாததால், சாவே இல்லை என்று பதிவாயிற்று.

இந்தத் திரை முதலில் விலகியது நியூசிலாந்தில். அந்நாட்டின் தெற்கே, ஆக்லாந்து தீவுகளைச் சுற்றிய கடலில் 1990ஆம் ஆண்டு ஊசிக்கணவாய் பிடித்த இழுவைக் கப்பல்களில் பார்வையாளர்கள் திரட்டிய தகவலைக் கொண்டு, ஒரே பருவத்தில் ஏறத்தாழ 2,300 வெண்தொப்பி ஆல்பட்ராஸ்கள் இறந்திருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டது. பெரும்பாலான இறப்புக்கு அந்த மூன்றாவது கம்பியே காரணம் என்று தெரிந்தது. அதன் பிறகு நியூசிலாந்து அந்தக் கம்பியைத் தடைசெய்தது. அண்டார்க்டிகக் கடல்வாழ் உயிரினங்களைக் காக்கும் பன்னாட்டு ஆணையமும் தன் கடற்பரப்பில் அதைத் தடை செய்தது. ஆயினும் இழுகம்பிகளின் பங்கு அப்போதும் முழுமையாக உணரப்படவில்லை.

அதை உணர்த்தியது ஒரு எளிய மாற்றம். மீன் கொட்டும் இடத்தில் நின்று உடல்களை எண்ணிய பார்வையாளர்கள் கப்பலின் பின்புறத்துக்குச் சென்று, கம்பி நீரைத் தொடும் இடத்தை மணிக்கணக்கில் இமைகொட்டாமல் பார்க்கத் தொடங்கினர். எந்தப் பறவை கம்பியில் இலேசாக உரசியது, எது பலமாக மோதியது, எது நீருக்குள் இழுக்கப்பட்டது, அது மீண்டும் மேலே வந்ததா என ஒவ்வொன்றையும் குறித்தனர். ஃபாக்லாந்து தீவுகளின் கடலில் இவ்வாறு பார்த்தபோது, 2002-03ஆம் ஆண்டில் மட்டும் 1,500க்கும் மேற்பட்ட பறவைகள் இழுவைக் கப்பல்களால் இறந்ததாக மதிப்பிட முடிந்தது. அவற்றில் பெரும்பாலானவை கருப்புருவ ஆல்பட்ராஸ்கள். தென்னாப்பிரிக்காவிலும் 2004, 2005ஆம் ஆண்டுகளில் இதே முறையில் ஆய்வு நடந்தது. அங்கே கிடைத்த மதிப்பீடு ஆண்டுக்குப் பல்லாயிரம் பறவைகள் என்ற அளவில் இருந்தது.

ஒரு முட்டை, பத்து ஆண்டு

கோடிக்கணக்கில் உயிர்கள் வாழும் கடலில் சில ஆயிரம் பறவைகள் குறைந்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழக்கூடும். கோழியையோ காக்கையையோ மனத்தில் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டால் விடை ஒன்று. ஆல்பட்ராஸை வைத்துக் கேட்டால் விடை வேறு.

கருப்புருவ ஆல்பட்ராஸ் முதல் முறையாக முட்டையிடுவதற்கு ஏறத்தாழ 10 ஆண்டு ஆகிறது. ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டை. அதைத் தாயும் தந்தையும் மாறி மாறி 70 நாள் அளவுக்கு அடைகாத்து, பொரிந்த குஞ்சை மேலும் 4 மாதம் வளர்க்க வேண்டும். ஒன்று கூட்டில் இருக்க, மற்றது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிச் சென்று இரை கொண்டுவருகிறது. இரண்டில் ஒன்று கம்பியில் சிக்கி வராமற்போனால், கூட்டில் இருப்பது குஞ்சைத் தனியாக வளர்க்க முடியாது. ஆகவே அந்தப் பருவத்தில் கடலில் ஒரு பறவை இறந்தால் தீவில் ஒரு குஞ்சும் சாகிறது. துணையை இழந்த பறவை புதிய துணை தேடி மீண்டும் முட்டையிடுவதற்குள் சில ஆண்டுகள் வீணாகின்றன. மிகப்பெரிய இனமான அலையும் ஆல்பட்ராஸ் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் முட்டையிடுகிறது.

இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரினம் இதுவரை நிலைத்திருப்பதற்கு ஒரே காரணம் அதன் நீண்ட ஆயுள். மிட்வே தீவில் 1956ஆம் ஆண்டு கால்வளையம் இடப்பட்ட விஸ்டம் என்ற லேசான் ஆல்பட்ராஸ், 70 வயதைக் கடந்த பின்பும் 2024ஆம் ஆண்டில் முட்டையிட்டது. வளர்ந்த பறவை ஆண்டுதோறும் தவறாமல் உயிர்பிழைத்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். வளர்ந்த பறவைகளின் இறப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு கூடினாலும் இனத்தின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிடும். அது பல ஆண்டு கழித்தே தீவில் தெரியவரும். உலகில் உள்ள 22 ஆல்பட்ராஸ் இனங்களில் 15 அழிவின் அச்சத்தில் உள்ளன. தென்னாப்பிரிக்க இழுவைக் கப்பல்களைத் தேடிவரும் பறவைகளில் அட்லாண்டிக் மஞ்சள்மூக்கு ஆல்பட்ராஸ் டிரிஸ்டன் ட குன்ஹா தீவுகளிலிருந்தும், வெண்தொப்பி ஆல்பட்ராஸ் நியூசிலாந்தின் ஆக்லாந்து தீவுகளிலிருந்தும், கருப்புருவ ஆல்பட்ராஸ் தெற்கு ஜார்ஜியாவிலிருந்தும் வருகின்றன. ஒரு நாட்டின் கப்பலில் கவனம் தவறினால் இன்னொரு நாட்டின் தீவில் கூடு காலியாகிறது. இதனால்தான் ஆல்பட்ராஸ், பெட்ரல் இனங்களைக் காப்பதற்கென்றே பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று 2001ஆம் ஆண்டு கையெழுத்தாகி, 2004 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தென்னாப்பிரிக்கா அதில் தொடக்கத்திலேயே இணைந்த நாடுகளுள் ஒன்று.

பறவை விரட்டும் கயிறு

நெல்வயலிலும் கடலைக்காட்டிலும் பறவைகள் இறங்காமல் இருக்கப் பழைய கேசட் நாடாவைக் குறுக்கே கட்டி, காற்றில் படபடக்க விடுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கடலில் கைகொடுத்த கருவியும் ஏறத்தாழ அதுதான். ஜப்பானிய சூரை மீன்பிடிப்பவர்கள் தூண்டில்கயிற்றுக்காக முதலில் உருவாக்கிய இது உலகெங்கும் 'டோரி' கயிறு என்றே அறியப்படுகிறது. டோரி என்றால் ஜப்பானிய மொழியில் பறவை.

இழுவைக் கப்பலில் இத்தகைய கயிறுகள் இரண்டு தேவை. கப்பலின் பின்புறத்தில் இயன்ற அளவு உயரமான இடத்தில், ஒவ்வொரு இழுகம்பிக்கும் வெளிப்புறமாக ஒன்று என்ற கணக்கில் அவை கட்டப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 மீட்டர் நீளம். அதன் நுனியில் ஒரு மிதவையோ, பிளாஸ்டிக் கூம்போ கட்டப்பட்டிருக்கும். அது நீரில் இழுபடுவதால் கயிறு தொய்யாமல் விறைப்பாக நிற்கும். முதன்மைக் கயிற்றிலிருந்து 5 மீட்டருக்கு ஒன்றாவது இருக்கும்படி, பளிச்சென்ற நிறமுள்ள தொங்கல்கள் நீரைத் தொடும் அளவுக்குத் தோரணம் போலத் தொங்குகின்றன. அவை ஓயாமல் ஆடிக்கொண்டே இருப்பதால், கம்பி நீரைத் தொடும் இடத்தைச் சுற்றி ஒரு திரை உண்டாகிறது. பறவைகள் அந்தத் திரைக்கு வெளியே நின்று, கம்பியைக் கடந்து வரும் கழிவைத் தின்கின்றன. உணவும் கிடைக்கிறது, உயிரும் தப்புகிறது.

கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் கையாள்வதில் நுட்பம் உண்டு. மடியை இறக்கி, பலகைகள் நீருக்குள் மறைந்த பிறகே கயிற்றை விட வேண்டும். மடியை ஏற்றத் தொடங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பலகைகளிலும் கம்பிகளிலும் சிக்கிக்கொள்ளும். காற்று பக்கவாட்டிலிருந்து வீசும்போது இரண்டு கயிறுகளும் ஒரே பக்கமாக ஒதுங்குகின்றன. ஒன்று தன் கம்பியின் மேலேயே சாய்ந்து சிக்கப் பார்க்கிறது. மற்றது தன் கம்பியை விட்டு விலகி அதைக் காப்பின்றி விடுகிறது. மாலுமிகள் இந்தக் கயிற்றின் மீது வைக்கும் குறைகளில் பெரும்பாலானவை இதைச் சார்ந்தவை, அவை நியாயமானவையும்கூட. நுனியில் இழுப்பு கூடிய மிதவையைக் கட்டுவதும், கட்டும் இடத்தை உயர்த்துவதும், தேவைக்கேற்ப வெளியே தள்ளி நிற்கும் கொம்பில் கட்டுவதும் இதற்காகச் செய்யப்பட்ட திருத்தங்கள்.

ஃபாக்லாந்து கடலில் மூன்று வகைக் கருவிகளை ஒப்பிட்டுச் சோதித்தபோது இந்த இரட்டைக் கயிறே சிறப்பாக வேலை செய்தது. கப்பலின் பின்மூலைகளில் கொம்புகளை நீட்டி, அவற்றிலிருந்து கயிறுகளையும் கூம்புகளையும் தொங்கவிடும் தடுப்பு ஒன்று நியூசிலாந்தில் புழக்கத்தில் உள்ளது. கப்பலோடு நிலையாக இருப்பதால் அதை இறக்கி ஏற்றும் வேலை மிச்சம், ஆனால் கம்பி நீரைத் தொடும் இடம் வரை அது எட்டாதபோது பயன் குறைகிறது. 28 மீட்டருக்கு மேல் நீளமுள்ள இழுவைக் கப்பல்கள் இத்தகைய கருவிகளில் ஏதேனும் ஒன்றைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று நியூசிலாந்து 2006ஆம் ஆண்டு விதித்தது.

கழிவு

கயிறு பறவையைக் கம்பியிலிருந்து விலக்குகிறது. பறவையைக் கப்பலுக்கு அழைப்பதையே நிறுத்துவது அதைவிட அடிப்படையான தீர்வு. கழிவு விழாத நேரத்தில் கம்பி மோதல்கள் மிக அரிதாகிவிடுகின்றன என்பதைப் பல கடல்களில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கழிவு முழுவதையும் கப்பலிலேயே வைத்துக் கரைக்குக் கொண்டுவருவது அல்லது மீன்தூளாக்குவது முதல் பரிந்துரையாக இருக்கிறது. அதற்கு இயலாத கப்பல்கள், தொடர்ச்சியாகச் சிறிது சிறிதாகக் கொட்டாமல், தொட்டியில் 2 மணி நேரமோ அதற்கு மேலோ சேர்த்துவைத்து ஒரே தடவையில் விரைவாகக் கொட்ட வேண்டும். கொட்டிய சில நிமிடங்களில் கழிவு பின்தங்கிவிடுகிறது. மீதி நேரத்தில் பறவைகள் கலைந்துபோகின்றன. மடியை இறக்கும்போதும் ஏற்றும்போதும் எதையும் கொட்டக் கூடாது.

இது நடைமுறையில் கடினமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மீனைப் பனிக்கட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவரும் கப்பலில், ஏற்கெனவே இடம் போதாத நிலையில், டன் கணக்கான தலைகளையும் குடலையும் எங்கே வைப்பது என்ற கேள்வி உண்மையானது. புதிய கப்பலைக் கட்டும்போதே தொட்டிக்கும் மீன்தூள் இயந்திரத்துக்கும் இடம் ஒதுக்குவது எளிது. முப்பது ஆண்டுப் பழைய கப்பலில் அதைச் செய்வது எளிதன்று. அதனால்தான் கயிறு இன்றும் முதன்மைக் காப்பாக நிற்கிறது.

கழிவு பறவைகளுக்கு இலவச உணவு, அதை நிறுத்தினால் அவை பட்டினி கிடக்குமே என்று சிலர் வாதிடுவதுண்டு. இந்த வாதத்துக்குத் தென்னாப்பிரிக்காவே விடை வைத்திருக்கிறது. கேப் கேனட் என்னும் பறவையின் இயல்பான உணவு கொழுப்பு மிகுந்த மத்தியும் நெத்திலியும். மேற்குக் கரையில் அந்த மீன்கள் குறைந்தபோது, மால்காஸ் தீவின் கேனட்கள் ஹேக் கழிவை நாடின. பெரிய பறவைகள் அதைத் தின்று உயிர்வாழ்ந்தன. ஆனால் ஆற்றல் குறைந்த அந்த உணவில் வளர்ந்த குஞ்சுகள் மெதுவாக வளர்ந்தன, பல இறந்தன என்று 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. கப்பலின் கழிவு பறவையின் வயிற்றை நிரப்புகிறதே ஒழிய அதன் அடுத்த தலைமுறையை வளர்ப்பதில்லை.

மூன்றாவது கம்பிக்கு மாற்று, தகவலை ஒலியலை மூலம் கம்பியில்லாமல் அனுப்பும் கருவி. கம்பி தவிர்க்க முடியாததானால், பின்புறத்தில் தாழ்வாக ஒரு கப்பியை வைத்து அதைக் கீழே இழுத்து, கப்பலுக்கு நெருக்கமாக நீரில் இறங்கச் செய்யலாம். பெரிங் கடலில் பொல்லாக் மீனைப் பிடிக்கும் கப்பல்களில் இது சோதிக்கப்பட்டு மோதல்கள் குறைந்தன. வலையில் சிக்குவதைத் தடுக்க, ஒவ்வொரு முறையும் இறக்குவதற்கு முன் கண்ணிகளில் மாட்டிய மீன்களை அகற்ற வேண்டும். பையில் எடை கூட்டி அதை விரைவில் மூழ்கச் செய்ய வேண்டும். தெற்கு ஜார்ஜியாவை ஒட்டி ஐஸ்ஃபிஷ் பிடிக்கும் கப்பல்கள் வலையைச் சணல் போன்ற நார்க்கயிற்றால் ஆங்காங்கே கட்டியே இறக்குகின்றன. ஆழத்தில் பலகைகள் விரியும்போது கட்டுகள் தாமாக அறுந்து வலை திறந்துகொள்கிறது.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது

தென்னாப்பிரிக்க ஹேக் இழுவை மீன்பிடிக்கு 2004ஆம் ஆண்டு கடல் பொறுப்பாண்மைக் கழகம் என்னும் பன்னாட்டு அமைப்பின் நீல முத்திரைச் சான்று கிடைத்தது. ஐரோப்பியச் சந்தைக்குப் பெருமளவில் மீன் அனுப்பும் அந்தத் தொழிலுக்கு அந்த முத்திரை விலைமதிப்புள்ளது. சான்றைத் தக்கவைக்க, கடற்பறவைகளுக்கு நேரும் பாதிப்பை ஆராய வேண்டியிருந்தது. பின்புறத்தில் நின்று எண்ணும் வேலை அங்கே தீவிரம் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். 2006ஆம் ஆண்டு பறவை விரட்டும் கயிறு மீன்பிடி உரிமத்தின் நிபந்தனையாயிற்று. அதே ஆண்டில் பேர்ட்லைஃப் இன்டர்நேஷனலும் பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமும் ஆல்பட்ராஸ் பணிக்குழுவை அந்நாட்டில் தொடங்கின. அதன் பயிற்றுநர்கள் மாலுமிகளோடு வாரக்கணக்கில் கடலுக்குச் சென்று, கயிற்றைக் கட்டும் விதத்தைக் கப்பலுக்குக் கப்பல் மாற்றி அமைத்துக் காட்டினர். நான் இதில் மிகவும் மதிப்பது இந்தப் பகுதியைத்தான். கரையில் அமர்ந்து எழுதிய விதி, அலையில் ஆடும் தளத்தில் கயிறாக மாறியது இவர்களால்தான்.

2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, 2004-05இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,300 என்று மதிப்பிடப்பட்ட பறவை இறப்பு 2010இல் 990 அளவுக்கு இறங்கியிருந்தது. ஆல்பட்ராஸ்களில் இந்தக் குறைவு இன்னும் கூடுதல். அதில் பெரும்பங்கு இந்தக் கயிற்றுக்கு உரியது.

அண்டை நாடான நமீபியாவில் இந்த விதி 2015ஆம் ஆண்டு இறுதியில் வந்தது. அங்கே கயிற்றை யார் செய்வது என்ற கேள்விக்கு வால்விஸ் பே துறைமுக நகரில் விடை கிடைத்தது. கடற்சிப்பிகளால் அணிகலன் செய்து வந்த மேமே இட்டும்பாப்போ என்ற பெண்கள் குழு கயிறுகளையும் தொங்கல்களையும் பின்னி மீன்பிடி நிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியது. அந்நாட்டின் தூண்டில்கயிற்றுக் கப்பல்களில், 2009இல் 22,000க்கு மேல் என்று மதிப்பிடப்பட்ட ஆண்டு இறப்பு 2018இல் 215 ஆகக் குறைந்தது.

இந்த எண்களைப் பார்த்து வேலை முடிந்துவிட்டதாக எண்ண முடியாது. கயிற்றின் விலை கப்பலின் ஒரு நாள் எரிபொருள் செலவின் முன் ஒன்றுமில்லை. ஆயினும் அதை ஒவ்வொரு முறையும் இறக்கி ஏற்றுவதற்குக் கைகள் வேண்டும், குளிரிலும் இரவிலும் அதைச் செய்யும் மனம் வேண்டும். துறைமுகத்தில் சோதிக்கும் அதிகாரி கப்பலில் கயிறு இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்க முடியும். கடலில் அது இறக்கப்பட்டதா, அறையில் சுருண்டு கிடந்ததா என்பது அங்கே நிற்கும் ஒரு மனிதருக்கோ, பின்புறத்தை நோக்கிப் பொருத்திய கேமராவுக்கோதான் தெரியும். பழைய தவறும் இதுவேதான்: பார்க்க ஆளில்லாத இடத்தில் இறந்த பறவை எந்தப் பதிவிலும் ஏறாது. ஆகையால் பார்வையாளரின் வேலை கயிறு கட்டியதோடு முடிவதில்லை. பலகைகள் மூழ்கியதும் அவர் பின்தளத்துக்கு வந்து, இரண்டு கயிறுகளும் விறைப்பாக நிற்கின்றனவா, தொங்கல்கள் நீரைத் தொடுகின்றனவா, காற்று எந்தப் பக்கம், கழிவு விழுகிறதா என்று குறித்துக்கொண்டு, கம்பி நீரில் இறங்கும் இடத்தின் மீது கண்ணை வைத்து, அடுத்த ஒரு மணி நேரத்துக்கான மோதல்களை எண்ணத் தொடங்குகிறார்.